கோழிகள் வழிவிட்ட மாலை

இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரிக்கலாம். சிரித்துக்கொள்ளுங்கள். நடந்தது நடந்ததுதான்.

நான் இப்போது கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிறேன். மழை பெய்து கரண்ட் போனால் எங்கள் விடுதிப் பெண்கள் எல்லாரும் ஒரே அறையில் கூடிவிடுவார்கள். ஆளுக்கொரு பேய்க்கதை வரும். பாதி சினிமாவில் பார்த்தது, மீதி பாட்டி சொன்னது. நான் மட்டும் வாயைத் திறக்க மாட்டேன். ஒருநாள் என் அறைத்தோழி அஃப்ஷீன் கேட்டாள்.

"உங்கிட்ட ஒரு கதைகூட இல்லையா, அன்பு?"

இல்லை என்று சொல்லிவிட்டேன். பொய். இருக்கிறது. சொன்னால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதான். எழுதிவிட்டால் கொஞ்சம் குறையுமோ என்று பார்க்கிறேன்.

என் முழுப்பெயர் அன்புக்கரசி. அப்போது எனக்குப் பதினாறு வயது. பல்லடத்திலிருந்து தாராபுரம் போகும் ரோட்டில் வந்து, ஒரு பஸ் நிழற்குடையில் இறங்கி, மண் தடத்தில் உள்ளே நடந்தால் ஒரு கோழிப்பண்ணை வரும். அங்கேதான் இருந்தோம். பண்ணை நஞ்சுண்டன் என்பவருடையது. அவர் குடும்பம் பல்லடத்தில். அப்பாவும் அம்மாவும் சம்பளத்துக்குக் கோழி வளர்த்தார்கள். கோழி செட்டின் ஒரு கோடியிலேயே எங்களுக்கு ஓர் அறை. சுற்றிலும் சோளக்காடு. தூரத்தில் காற்றாலைகள். பக்கத்தில் வீடு என்று ஒன்றும் கிடையாது. கத்தினால்கூட யாருக்கும் கேட்காது.

கறிக்கோழி செட்டுக்குள் நீங்கள் போயிருக்கிறீர்களா? நீளமாக, ரயில் பெட்டி மாதிரி இருக்கும். இரண்டு பக்கமும் கம்பி வலை. தரையில் தேங்காய் நார்த்தூள். அதன்மேல் ஐயாயிரம் கோழிகள். வளர்ந்த கோழிகள் என்றால் தரையே தெரியாது, வெள்ளையாக மட்டும் தெரியும். நீங்கள் காலை எடுத்து வைத்தால் கோழிகள் விலகும். நடக்க நடக்க முன்னால் வழி திறக்கும், பின்னால் மூடிக்கொள்ளும். நின்றுவிட்டால் உங்களைச் சுற்றி ஒரு வட்டம் மட்டும் காலியாக இருக்கும். அந்த வட்டத்தைப் பார்த்தே செட்டுக்குள் ஆள் எங்கே நிற்கிறார் என்று தூரத்திலிருந்து சொல்லிவிடலாம்.

எனக்கு ஓர் அண்ணன். தமிழ்ச்செல்வன். என்னைவிட மூன்று வயது பெரியவன். தீவன மூட்டையை மழையில் நனைய விட்டுவிட்டான் என்று ஒருநாள் அப்பா, பண்ணைக்காரர் முன்னாலேயே அவனைக் கன்னத்தில் அறைந்துவிட்டார். மறுநாள் காலையில் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

வரவே இல்லை.

போன் அணைந்திருந்தது. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் எல்லாம் அப்பா தேடினார். போலீசில் எழுதிக் கொடுத்தார். "வயசுப் பையன், கோவிச்சுக்கிட்டுப் போயிருப்பான், வந்துருவான்" என்றார்கள். மாதங்கள் போயின. அம்மா தினமும் அவனுக்கும் சேர்த்துத்தான் உலை வைத்தாள். அப்பா பேசுவதையே விட்டுவிட்டார். பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி வந்தால் எங்கள் அறையில் கரண்டிச் சத்தம் மட்டும்தான் கேட்கும். மூன்று பேர் ஒரே அறையில் இருந்தோம். ஆனால் ஆளுக்கொரு ஊரில் இருந்த மாதிரி இருந்தது. எனக்குப் பேச்சுத்துணை இல்லை. சாயங்காலமானால் செட்டு வாசலில் உட்கார்ந்து கோழிகளிடம் பேச ஆரம்பித்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கார்த்திகை மாதம். ஒரு மதியம் அப்பாவுக்கு ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது.

தாராபுரத்தில் அமராவதி ஆற்றில் ஒரு பையனின் உடல் ஒதுங்கியிருக்கிறதாம். வயது, உயரம், நிறம் எல்லாம் அண்ணனுக்குப் பொருந்துகிறதாம். ஆஸ்பத்திரிக்கு வந்து அடையாளம் காட்ட வேண்டுமாம்.

அப்பா சட்டையை மாற்றிக்கொண்டார். பொத்தான் போட அவருக்குக் கை வரவில்லை. நான்தான் போட்டுவிட்டேன்.

"நானும் வாரனுங்கப்பா."

"வேண்டாம் அம்மணி. கோழிய ஆரு பாக்கறது? நீ இரு."

அம்மா என் தாடையைப் பிடித்து ஒரு நிமிஷம் பார்த்தாள். அப்புறம் மொபெட்டில் ஏறிக்கொண்டாள். அதை நிழற்குடையில் நிறுத்திவிட்டு அங்கிருந்து பஸ். வண்டிச் சத்தம் மண் தடத்தில் தேய்ந்து தேய்ந்து மறைந்தது.

நான் மட்டும்.

சாயங்காலம் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. பண்ணைக்காரர் போன் செய்தார்.

"ஏம்மணி, அங்க மழ புடிக்குதா? படுதாவெல்லாம் எறக்கி உட்டுரு. சாரல் அடிச்சா கோழி தாங்காது."

"சரிங்க."

"உங்கப்பன் போன எடுக்கறதில்ல. நல்ல சேதியா வரும், பயந்துக்காத."

செட்டின் இரண்டு பக்கமும் படுதாவை இறக்கிக் கட்டினேன். மறுகோடியில் இருந்த கதவை உள்ளே தாழ் போட்டேன். இது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தாழ் துருப்பிடித்தது, இழுத்தால் விரல் சிவந்துவிடும். திரும்பி நடந்து வந்து, எங்கள் அறைக்கும் செட்டுக்கும் நடுவே இருக்கும் வாசலில் உட்கார்ந்தேன்.

மழை பிடித்துக்கொண்டது. ஆறே முக்காலுக்குக் கரண்ட் போனது.

எமர்ஜென்சி லைட்டை ஆணியில் மாட்டினேன். அதன் வெளிச்சம் பாதி செட்டுக்குத்தான் எட்டும். அப்பால் இருட்டு. இருட்டானால் கோழிகள் அப்படி அப்படியே உட்கார்ந்துவிடும். ஆனால் சத்தம் நிற்காது. ஒரு முனகல் ஓடிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் பத்துப் பேர் கிசுகிசுவென்று பேசுகிற மாதிரி. அந்தச் சத்தத்தில்தான் நான் தினமும் தூங்குவேன்.

அன்றைக்கு அது நின்றது.

கொஞ்சம் கொஞ்சமாகக் குறையவில்லை. ஒரே அடியாக நின்றது. ஐயாயிரம் கோழிகள். மூச்சுச் சத்தம்கூட இல்லை. கூரையில் விழும் மழை மட்டும்.

போனைப் பார்த்தேன். மணி ஏழு.

மறுகோடியில், இருட்டுக்குள்ளே...

சர்ர்ர்.

இறக்கை உரசுகிற சத்தம். உட்கார்ந்திருந்த கோழிகள் எழுந்து ஒதுங்கும்போது வருமே, அது. கீரியோ பாம்போ என்று நினைத்தேன். ஆனால் கீரி வந்தால் கோழிகள் அலறும், ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குவியும். இவை அலறவில்லை. ஒழுங்காக ஒதுங்கின.

சர்ர்ர்... நின்றது. மறுபடி... சர்ர்ர்.

லைட்டைக் கையில் எடுத்துத் தூக்கிப் பிடித்தேன்.

வெள்ளைக்கு நடுவே ஒரு வழி திறந்துகொண்டு வந்தது. அதில் யாரும் இல்லை.

முன்னால் கோழிகள் விலகின. பின்னால் சேர்ந்தன. நடுவில், ஓர் ஆள் நிற்கும் அளவுக்குக் காலியான தரை. அது நகர்ந்தது. ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றது. மெல்ல அடுத்த தூணுக்கு வந்தது. அங்கேயும் நின்றது. மேலே தொங்கிய பல்பின் தகரக் குடையில் எதுவோ இடித்தது. குடை ஆடியது. கிரீச்... கிரீச்...

அண்ணன் நெட்டை. அவன் தலை எப்போதும் அந்தக் குடைகளில் இடிக்கும்.

எனக்குப் புரிந்துவிட்டது. தாராபுரத்திலிருந்து என்ன சேதி வரப்போகிறது என்று புரிந்துவிட்டது.

"அண்ணா..."

காலி இடம் நின்றது.

"அண்ணா, நீயாண்ணா?"

அது என் பக்கம் திரும்பியது. எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். தெரிந்தது. என் குரலைப் பிடித்துக்கொண்டு நேராக வர ஆரம்பித்தது.

ஓடியிருக்க வேண்டும். நான் ஓடவில்லை. பயம் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரியதாக ஒன்று இருந்தது. அண்ணன் செத்துப்போய்விட்டான். செத்தவன் எங்கேயும் போகாமல் என்னைப் பார்க்க வந்திருக்கிறான். அவனைப் பார்த்து ஓடினால் நான் என்ன தங்கச்சி?

வாசற்படியில் அப்படியே உட்கார்ந்தேன். அழுதேன். பேசினேன். அவன் போனதிலிருந்து பேசாத பேச்சையெல்லாம் பேசினேன்.

"அம்மா உனக்கும் சேர்த்தே சோறு ஆக்கறாண்ணா. மிஞ்சறதக் காலைல தண்ணி ஊத்தி அவளே குடிக்கறா. அப்பா உன் செருப்பத் தொடச்சுத் தொடச்சு வைக்கறாரு. எங்கிட்டப் பேச ஆளே இல்லண்ணா. பள்ளிக்கூடத்துல கேக்கறாங்க, உங்கண்ணன் கெடச்சானான்னு. நான் வெளியூர்ல வேலைன்னு பொய் சொல்லிப்போட்டேன். ஏண்ணா இப்படிப் பண்ணுன?"

அது கேட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் வந்து நின்றது. கையை நீட்டினால் தொடலாம்.

குளிர்ந்தது. ஒரு வாசனை வந்தது. செட்டு வாசனை எனக்குத் தெரியும், அது மூக்கிலேயே ஊறியது. இது வேறு. பாசி வாசனை. குளத்தில் ரொம்ப நாள் கிடந்த துணியின் வாசனை.

காலி வட்டம் மெல்ல மாறியது. நீண்டது. இன்னும் நாலைந்து கோழிகள் எழுந்து ஒதுங்கின. வாசற்படிக்கு ஓரமாக, ஓர் ஆள் ஒருக்களித்துப் படுத்தால் எவ்வளவு இடம் வேண்டுமோ, அவ்வளவு தரை காலியானது. முழங்கால் மடங்கிய இடம்கூடத் தெரிந்தது.

அது என் பக்கத்தில் படுத்துக்கொண்டது.

உண்மையைச் சொல்கிறேன். அந்த நேரத்தில் எனக்குப் பயம் போய்விட்டது. மாதக்கணக்காக இல்லாத ஒரு நிம்மதி வந்தது. சுவரில் சாய்ந்துகொண்டேன். மழையைக் கேட்டேன். இடையிடையே "அண்ணா" என்றேன். ஒவ்வொரு தடவையும் ஓரத்துக் கோழி ஒன்று லேசாக அசைந்தது. பதில் சொல்வது போல.

போன் அடித்தது. அம்மா.

எடுக்கவே மனசில்லை. சேதிதான் தெரியுமே. எடுத்தேன்.

"கண்ணு..."

அம்மா அழுதுகொண்டிருந்தாள். இல்லை, சிரித்தாள். இரண்டும்.

"நம்ம தமிழு இல்ல கண்ணு! ஆரோ வேற பையன்! நம்ம பையன் இல்ல!"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"போலீஸ்காரங்க கையெழுத்தெல்லாம் வாங்கிட்டு இப்பத்தான் உட்டாங்க. பஸ் ஏறிட்டோம். நீ தனியாவா இருக்கற? பயமா இருக்குதா?"

லைன் இரைந்தது.

"கேக்குதா கண்ணு? தனியாத்தான இருக்கற?"

லைன் அறுந்தது.

போன் வெளிச்சம் அணைந்தது. நான் தலையைத் திருப்பவில்லை. கண்ணை மட்டும் திருப்பினேன்.

அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருந்தது.

அண்ணன் சாகவில்லை.

அப்படியென்றால்...

இவ்வளவு நேரம் நான் அண்ணா, அண்ணா என்று கூப்பிட்டது...

அப்போதுதான் ஒன்று உறைத்தது. அண்ணனுக்கு இந்தச் செட்டில் ஒவ்வொரு தூணும் தெரியும். இருட்டில் ஓடிவருவான். இது அப்படி வரவில்லை. தூணுக்குத் தூண் நின்று, தடவித் தடவி வந்தது. முதல் தடவையாக ஓர் இடத்துக்கு வருகிறவர்கள் வருவது போல.

நீளமாக இருந்த காலி இடம் சுருங்கியது.

எழுந்து உட்கார்ந்தது.

எழுந்து நின்றது.

என் கால் பக்கத்தில் இருந்த கோழி ஒதுங்கியது. அதற்கு அடுத்தது ஒதுங்கியது.

அதைச் சுற்றி ஒரு வட்டம். என்னைச் சுற்றி ஒரு வட்டம்.

இரண்டும் தொட்டுக்கொண்டன.

என் புறங்கையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

கூரை அங்கே ஒழுகாது.

ஓடினேன். அறை வழியாக வெளியே பாய்ந்து மண் தடத்தில் ஓடினேன். ஒரு செருப்பு சேற்றில் போனது. திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் காலடிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பாசி வாசனை பாதித் தூரம் கூடவே வந்தது. ரோட்டோரத்து நிழற்குடைக்குள் புகுந்து, அப்பாவின் மொபெட்டைக் கட்டிப்பிடித்தபடி நின்றேன். போகிற லாரிகளின் விளக்கு வெளிச்சத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தேன்.

அப்பாவும் அம்மாவும் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது என் உதடு நீலம் பாய்ந்திருந்ததாம்.

"ஏங்கண்ணு இங்க வந்து நிக்கற?"

"இருட்டா இருந்துச்சும்மா."

அவ்வளவுதான் சொன்னேன். மகன் உயிரோடு இருக்கிறான் என்ற சந்தோஷத்தில் அவர்கள் வந்திருந்தார்கள். அதில் எதைச் சொல்வது?

பண்ணைக்குப் போனபோது கரண்ட் வந்திருந்தது. கோழிகள் பழையபடி முனகிக்கொண்டிருந்தன. கோடிக் கதவின் தாழ் நான் போட்டபடியே இருந்தது. அப்பா வாசற்படி ஓரத்தில் குனிந்து நார்த்தூளை அள்ளிப் பார்த்தார். பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. ஆள் நீளத்துக்கு ஈரம்.

"பைப்பு ஒழுகுதாட்ட இருக்குது" என்றார்.

அந்தப் பக்கம் பைப்பே கிடையாது. அது அவருக்கும் தெரியும். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். அப்புறம் ஈரத்தூளை மண்வெட்டியால் வாரி வெளியே கொண்டுபோய்க் கொட்டினார்.

தை மாதம் அண்ணன் வந்துவிட்டான். நிஜமான அண்ணன். ஒரு மத்தியானம் வெயிலில், தோளில் ஒரு பையோடு தடத்தில் நடந்து வந்தான். கறுத்து, இளைத்து, முகமெல்லாம் தாடி. போர்வெல் லாரியில் வேலைக்குச் சேர்ந்து சத்தீஸ்கர் வரைக்கும் போயிருக்கிறான். கையில் பணம் சேர்த்துக்கொண்டுதான் அப்பன் முகத்தில் முழிப்பது என்று வைராக்கியம். அம்மா ஓடிப்போய் அவனை மாறி மாறி அடித்தாள். அடித்த கையாலேயே கட்டிக்கொண்டாள். ராத்திரி அப்பாவே அவனுக்குத் தட்டு வைத்துச் சோறு போட்டார். அண்ணன் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான். சோற்றில் கண்ணீர் விழுந்தது.

நான் அவனைத் தனியாகக் கேட்டேன். "கார்த்திகை மாசம் ஒருநா சாயங்காலம்... எங்கள நெனச்சியாண்ணா? கனவு கினவு கண்டியா?"

"கனவா? அங்க படுத்தா எந்திரிக்கறதே தெரியாது, அம்மணி. ஏன்?"

"சும்மாதான்."

அதோடு நான் விட்டிருப்பேன். ஏதோ பிரமை என்று மனசைத் தேற்றிக்கொண்டிருப்பேன். ஆனால் ஒரு வாரம் கழித்து, எல்லாரும் வெயில் காய்ந்துகொண்டிருந்தபோது, அண்ணன் சிரித்துக்கொண்டே கேட்டான்.

"ஏம்மா, நான் செத்துட்டன்னு ஆஸ்பத்திரிக்கே போயிட்டீங்களாமா?"

அம்மா சிரிக்கவில்லை. முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருந்த கை நின்றது.

"சிரிக்காத கண்ணு. அன்னிக்கு நான் பட்டது எனக்குத்தான் தெரியும். மூஞ்சிய மூடி வெச்சிருந்தாங்க. பொணவறை ஆளு போலீசக் கூட்டீட்டு வாரன்னு போனாரு. கை மட்டும் வெளிய தெரிஞ்சுது. உன்ற கையாட்டவே இருந்துது. அது நீதான்னே நெனச்சுப்போட்டேன்."

"அப்பறம்?"

"அந்தக் கையப் புடிச்சுட்டு அழுதேன். அப்பத்தான் இவ நெனப்பு வந்துது. மழ வேற. அங்கயும் கரண்டு போயிருச்சு. செவுத்துக் கடியாரத்துல மணி ஏழு."

அம்மா என்னைப் பார்த்தாள்.

"எந்திரி சாமி, இங்க ஏன் படுத்திருக்கற, தங்கச்சி தனியா இருக்கறா, நீ முன்னால ஊட்டுக்குப் போ, அவகூடத் தொணைக்குப் படுத்துக்க, நாங்க பொறகால வாரோம்னு... காதுகிட்ட குனிஞ்சு சொன்னேன். நம்ம பண்ணை எங்க இருக்குதுன்னுகூடச் சொன்னேன். பைத்தியக்காரி மாதர. அப்பறந்தான் வந்து துணிய எடுத்தாங்க. பாத்தா வேற பையன்."

நான் என் புறங்கையைத் துடைத்துக்கொண்டேன்.

"அவனத் தேடி ஆருமே வரலையாம்" என்றார் அப்பா. "போலீஸ்காரங்களே பொதச்சுட்டாங்களாம்."

அம்மா மறுபடி கீரையை உருவ ஆரம்பித்தாள்.

"ஆரு பெத்த புள்ளையோ. நம்ம பையன் இல்லேன்னதும் சந்தோசத்துல அப்படியே ஓடியாந்துட்டோம்" என்றாள். "ஊட்டுக்குப் போன்னு சொன்னது அவன இல்லேன்னு, அவங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாமயே வந்துட்டேன்."